கடலூரிலிருந்து கேதார்காந்தா: கயிறு, பூட், பிராந்தி பற்றிக் கொஞ்சம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி முடித்த ஐந்து நண்பர்கள் டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போகிறார்களாம். ஒருவரும் இதுவரை பனியைப் பார்த்ததில்லை. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது? சித்தப்பா துபாயிலிருந்து ஆறு வருடம் முன்பு கொண்டுவந்த மலையேற்ற பூட் பரணில் புத்தம் புதிதாக இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமா? துறைமுகத்தில் கிடைக்கும் கயிற்றை வாங்கி செஞ்சிப் பாறையில் ஏறி இறங்கிப் பழகலாமா? உங்களுக்கு மலையில் என்னென்ன நேர்ந்தது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கடைசியாக, அம்மா பயப்படுகிறார், என்ன சொல்லிச் சமாளிப்பது?

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். இருபது வருடத்துக்கும் மேலாக மலைக்குப் போய் வருகிறேன். உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். அதற்கு மேல் பெரிய சிகரம் எதையும் தொட்டதில்லை. ஆனால் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் மலையில் எங்கெங்கே இடறுவான் என்பது எனக்கு என் காலாலேயே தெரியும்.

முதலில் கயிறு. ஏனென்றால் உங்கள் கேள்வியில் உயிரை வாங்கக்கூடியது அது ஒன்றுதான். துறைமுகத்துப் படகுக் கயிறு வேண்டாம். அது பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். தண்ணீரில் மிதக்க வேண்டும், நங்கூரத்தை இழுக்க வேண்டும், அதற்காகச் செய்தது. வெயிலில் கிடந்தால் நார்நாராக உதிரும். சுமார் 160 டிகிரியில் உருகிவிடும். பாறையில் கயிறு வழியாக இறங்கும்போது உலோகக் கருவியோடு உரசும் இடம் தொட முடியாத அளவுக்குச் சுடும், கொஞ்சம் வேகமாக இறங்கினாலே போதும். மலையேறிகளின் கயிறு நைலான். உள்ளே முறுக்கிய இழைகள், வெளியே நெருக்கமாகப் பின்னிய உறை. அதிலும் இரண்டு சாதி உண்டு. மேலே ஏறும்போது கட்டிக்கொள்ளும் கயிறு இழுபடும். விழுகிறவனின் வேகத்தை அந்த இழுபடுதல்தான் உறிஞ்சிக்கொள்ளும். சர்வதேசச் சோதனையில் 40 சதவீதம் வரை நீள அனுமதிக்கிறார்கள். இறங்குவதற்கான கயிறு அவ்வளவு நீளாது. இழுபடாத கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறி, மேலிருந்து விழுந்தால், கயிறு அறாமலேயே இடுப்பு உடையும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு கயிற்றை இணைக்க உலகம் முழுக்க மலையேறிகள் போடும் முடிச்சின் பெயரே மீனவர் முடிச்சு. உத்தரகாசியில் பயிற்சியாளர் அதைச் சொல்லிக் கொடுத்தபோது வகுப்பில் முதலில் போட்டவன் நான்தான். சின்ன வயதில் வைத்திக்குப்பத்தில் வலை கட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. ஆகவே முடிச்சைத் தேவனாம்பட்டினத்தில் யாரிடமாவது தாராளமாகப் பழகுங்கள். கயிற்றை மட்டும் அங்கே வாங்காதீர்கள். தவிர, செஞ்சிக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம்; 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே பாறையில் கயிறு போட்டால் காவலாளி கீழே இறக்கிவிடுவார், அதுவே நியாயம். கேதார்காந்தாவுக்குக் கயிறே தேவையில்லை. அது நடந்து ஏறும் மலை.

ஆனால் செஞ்சிக்குக் கட்டாயம் போங்கள், படி ஏறி இறங்க. நம் பக்கத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது கேப்பர் மலை. அதில் டவுன் பஸ்ஸே மூச்சு வாங்காமல் ஏறிவிடும். கடற்கரைச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் மூச்சுக்குத்தான் பயிற்சி, முட்டிக்கு இல்லை. செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி. முதுகில் எட்டு கிலோ வைத்துக்கொண்டு ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்கினால் உங்கள் முட்டி எப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும். எடைக்குத் தண்ணீர் பாட்டிலாக வையுங்கள், முடியாவிட்டால் கொட்டிவிடலாம். குரங்குக்குத் தெரியும்படி கையில் எதையும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது பூட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் அவமானப்பட்ட இடம் இது.

எங்கள் தாய்மாமா ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 2006-இல் பாரிசிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு ஜோடி மலையேற்ற பூட் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் இங்கே அப்படி ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே அரிது. நான் அதை இரண்டு முறை போட்டேன். ‘இமயமலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்’ என்று பாச்சை உருண்டை போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பரணில் வைத்துவிட்டேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் எங்கள் தெருவில் பாதிக் கூரை போனது. பரணில் தண்ணீர் ஒழுகியது. பூட் கவருக்குள் இருந்ததால் நனையவில்லை என்று அப்போது பெருமைப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

2013 ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டு, கேதார்காந்தா ஏற்றம் தொடங்கும் சங்க்ரி கிராமத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இடது காலில் ஏதோ தாளம் போட்டது. குனிந்து பார்த்தால் சோல் முன்பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. பத்து நிமிடத்தில் வலது காலும். மேலே தோல் பளபளவென்று இருக்கிறது, தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் தோலுக்கும் அடியில் இருக்கும் ரப்பருக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்குமே, அது கையில் எடுத்தால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பின்னால் வந்த கோவேறு கழுதைக்காரர் ஒன்றும் பேசவில்லை. மூட்டை கட்டும் சணல் கயிற்றை வெட்டி, பூட்டைச் சுற்றி மூன்று கட்டு கட்டிவிட்டார். அன்று மாலை வரை பார்சல் கட்டின காலோடு நடந்தேன். மறுநாள் கீழே இறங்கி வாடகை பூட் எடுத்து வந்தேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் போய் அதன் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக அறுக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அறுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் கடலோரத்தில் இரண்டுக்கும் என்ன பஞ்சம்? பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே வேலை பார்க்கும். நான் பொத்திப் பொத்தி வைத்ததால்தான் அது செத்தது. அந்தச் சோல் பரணில் என்றைக்கோ போய்விட்டது. சங்க்ரியில் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதனால் சித்தப்பாவின் பூட்டை இன்றைக்கே இறக்குங்கள். அந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக எழுந்தால் பரவாயில்லை. சுருக்கம் விழுந்து வெடிப்புத் தெரிந்தாலோ, மாவு மாதிரி ஒட்டினாலோ தூக்கிப் போடுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் சுற்றிலும் சைடு தையல் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். பசை விட்ட சோலுக்கு அந்தத் தையல் அருமையான வைத்தியம். மாவாகிப் போன நுரையில் ஊசி எதைப் பிடிக்கும்? அழுத்திப் பார்த்ததில் தேறினாலும், செஞ்சியில் இரண்டு ஞாயிறு, ஊரில் தினமும் ஒரு மணி நேரம் என்று நாற்பது ஐம்பது கிலோமீட்டராவது நடந்து பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போது பாதம் வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நாம் வருடம் முழுக்கச் செருப்போடு திரிகிறவர்கள், முன்பாதம் அகலமாக இருக்கும். வெளிநாட்டு அச்சில் செய்த பூட் நீளத்தில் சரியாக இருந்து பக்கவாட்டில் நெரிக்கும். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லையென்றால் படியில் இறங்குங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். மலையில் இறக்கத்தில் மூன்று மணி நேரம் இடித்தால் நகம் கறுத்துக் கழன்றுவிடும்.

இந்த ஈர வியாதி பூட்டோடு நிற்பதில்லை. டென்ட்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை வந்தால் அதுவும் இதே கதைதான். தலையில் மாட்டும் ஹெட்லேம்ப்பில் பேட்டரியை விட்டு வைத்தால் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்துவிடும். ஜிப் இறுகிவிடும், மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும். ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்ததும் என் மலைச் சாமான் எல்லாவற்றையும் மொட்டை மாடி நிழலில் ஒரு நாள் பரப்பிப் போட்டு விடுவேன். வீட்டில் அதற்கு ‘போகிக்கு முந்தின போகி’ என்று பெயர்.

சரி, துணிமணி. கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். கடலூர்க் கடற்கரையில் 25 டிகிரியாக இருக்கும் காற்றை அப்படியே தூக்கி அங்கே வைத்தாலே பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிடும். அதோடு வடக்கத்திக் குளிர்காலத்தையும், உச்சிக்குக் கிளம்பும் விடிகாலை மூன்று மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டி பாலியஸ்டர் அல்லது கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்னும் பஞ்சு போன்ற செயற்கைத் துணி, அதற்கு மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்று நுழையாத ஒரு உறை. இறகு நனைந்தால் கோழிக்குஞ்சு நனைந்த மாதிரிதான், சூடு காக்காது. ஆகவே ஏறும்போது அதைப் பையில் வைத்துவிட்டு, நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தி பனியனை மேலே கொண்டுபோகாதீர்கள். நாம் வியர்க்கிற வியர்வைக்கு அரை மணியில் பிழியலாம். நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் மணி நேரம் கொஞ்சம் குளிர நடப்பதுதான் சரியான உடை. கிளம்பும்போதே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடுவீர்கள்.

ஆனால் ‘பருத்தியே கூடாது’ என்று எல்லா மலைக்கும் மந்திரம் போல ஓதுவது எனக்கு ஒப்பாது. அது குளிர்நாட்டில் பிறந்த சொல். சித்திரை வெயிலில் பர்வதமலையோ திருவண்ணாமலையோ ஏறுகிறவனுக்கு நனைந்த பருத்தி வரம்; உடம்பைக் குளிர்விக்கும். காய்ந்த புல்காட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாலியஸ்டர் தீயில் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். நெருப்பு மேட்டில் ஏறும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தைவிட அதிகம். மேலே ஓடித் தப்பிக்க முடியாது. கோடையில் அந்தக் காடுகளுக்குப் போகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி திறந்திருக்கிறது. இமயமலைக்கு முன்னால் அதில் ஒன்றில் ஐந்து பேரும் சேர்ந்து நடந்து பாருங்கள். யார் எப்படிப்பட்டவன் என்பது அங்கே தெரிந்துவிடும், செலவும் குறைவு.

வாடகை விஷயம் சுலபம். சங்க்ரியிலேயே கடைகள் இருக்கின்றன. பூட்டுக்கு அடியில் மாட்டும் பல் சங்கிலி (அங்கே எல்லாரும் கிராம்பான் என்பார்கள், உண்மையில் மைக்ரோஸ்பைக்), முழங்காலுக்குக் கீழே பனி புகாமல் கட்டும் கெய்ட்டர், ஊன்றுகோல், தடி ஜாக்கெட் எல்லாம் அங்கேயே எடுங்கள். பல் சங்கிலியை வாங்கும்போதே பூட்டில் மாட்டி உதறிப் பாருங்கள். ஊன்றுகோலை வயசானவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இறங்கும்போது முட்டிக்கு அது மூன்றாவது கால்.

சொந்தமாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: பூட், உள்ளாடை அடுக்கு, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ், இரண்டு அடுக்குக் கையுறை, ஹெட்லேம்ப், நல்ல குளிர்கண்ணாடி. சாக்ஸில் ஒரு ஜோடி தூங்குவதற்கு மட்டும். உலகமே கவிழ்ந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள். காற்று அதைப் பிடுங்கும், தண்ணீர் முதுகுப் பக்கம் வழியாக இறங்கும். பைக்குள்ளே தடிமனான பாலிதீன் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் போனையும் தீப்பெட்டியையும் அப்படித்தானே கட்டுகிறார்கள்.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வெயிலில் பிறந்தவர்கள், நமக்கென்ன என்று நினைப்போம். புதுப்பனி, மேலே விழும் புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்கு உள்ளே, மோவாய்க்கு அடியில் எல்லாம் சுடுபட்டு வந்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.

இனி உயரம். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது என்பது பொதுவான அளவு. உங்கள் பாதையைப் பாருங்கள்: சங்க்ரி சுமார் 1,950 மீட்டர், ஜூடா கா தாலாப் சுமார் 2,750, அடுத்த முகாம் சுமார் 3,400. கடலூரிலிருந்து ரயிலிலோ விமானத்திலோ போய் இறங்குகிறவனுக்கு இது வேகமான ஏற்றம்தான். என் பேச்சைக் கேட்டால் சங்க்ரியில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாமல் கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, நெஞ்சில் ஈர இருமல் கேட்டால், அல்லது நேராக நடக்க வராமல் தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே இறங்க வேண்டும்.

அந்தத் தள்ளாட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 2017-இல் இதே பாதையில் ஐந்து பேர் போயிருந்தோம். எங்களில் பலசாலி தேவனாம்பட்டினத்து நண்பன். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, அலையில் நின்று வலை இழுத்த கை. முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று எங்களைக் கிண்டல் செய்தான். அவன் பையில் ‘குளிருக்கு இதமாக’ என்று புதுச்சேரியிலிருந்து அரை பாட்டில் பிராந்தி வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. மேல் முகாமில் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றுக்குப் போக வெளியே போனவன் டென்ட் கயிற்றில் தடுக்கி விழுந்து, விழுந்தபடியே சிரித்தான். நாங்களும் சிரித்தோம். வாடை வந்தது. ‘ஓ, இதுதானா’ என்று படுக்கப் போனோம்.

கைடு சிரிக்கவில்லை. ஹெட்லேம்ப்பைப் பனியில் அடித்து, ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். நண்பன் நடந்தான். தடத்தைப் பார்த்தோம். நடந்துகொண்டே மாடு மூத்திரம் பெய்த கோடு மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. எவ்வளவு குடித்தான் என்று கேட்டார். பாட்டிலை எடுத்துப் பார்த்தால் இரண்டு விரல்கடைதான் குறைந்திருக்கிறது. அவனுக்கு அது வாய் கொப்புளிக்கிற அளவு. சாயங்காலத்திலிருந்தே தலை வலிக்கிறது என்று சொன்னானா என்று கேட்டார். சொல்லியிருந்தான், நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உயரத்தால் மூளையில் நீர் கோத்தாலும் குடித்தாலும் நடை ஒன்றுதான். எது என்று மலையில் கண்டுபிடிக்க வழியில்லை. பத்து மணிக்குக் கிளம்பினோம். கைடு முன்னால், நண்பன் நடுவில், நான் பின்னால் அவன் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் என் ஹெட்லேம்ப் மங்கி அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பது தெரிந்தும் மாற்று பேட்டரியை பைக்கு வெளிப்பையில் வைத்திருந்தேன், அதுவும் செத்திருந்தது. சட்டைக்கு உள்ளே வைத்திருக்க வேண்டும். ஒரே விளக்கில் ஜூடா கா தாலாப் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. காலையில் அவன் நான்கு பராத்தா சாப்பிட்டுவிட்டு, ‘என்னை ஏண்டா கீழே இழுத்துட்டு வந்தீங்க, உச்சியைப் பார்த்திருப்பேன்ல’ என்றான். அவனுக்கு அன்று வந்தது என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இறங்கியதில் ஒருவருக்கும் வருத்தமில்லை, அவனைத் தவிர.

பிராந்தி குடித்தால் சூடாகத் தோன்றும். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டைக் கொண்டுவந்து வெளியே கொடுத்துவிடுவதால் வரும் தோற்றம் அது. புதுச்சேரிக்காரன் சொல்கிறேன், கீழே வந்து குடித்துக்கொள்ளுங்கள்.

குளிர் தாக்கும் விதமும் இப்படித்தான், குடித்தவனைப் போல ஆக்கும். முதலில் நடுக்கம். அப்புறம் பேச்சு குழறும், ஜிப்பைப் பிடிக்க விரல் வராது, கேட்டதற்கு எரிந்து விழுவான். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியை உருவிவிட்டு, உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட வெந்நீர் கொடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசிப் பக்கம் சகஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். ஜூன் மாதம் அது. நம் நாட்காட்டியில் கோடை என்பதால் அங்கேயும் கோடை என்று நினைத்துவிட முடியாது.

படுக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்ப எண் போட்டிருக்கும். ஒன்று இதமாகத் தூங்க, மற்றொன்று சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்க. கடைக்காரர் இரண்டாவதைத்தான் சொல்வார். அடியில் நுரைப்பாய் இல்லாவிட்டால் எந்தப் பையும் உதவாது. தரை சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்து உறையும் என்பதால் காலையில் வாய்ப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். படுக்கும்முன் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, காலடியில் வைத்துக்கொண்டால் சொர்க்கம். போனும் பவர் பேங்க்கும் உள்ளேயே உங்களோடு தூங்கட்டும்.

சாப்பாடு முகாமில் கொடுப்பார்கள். 3,400 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரிக்கும் குறைவிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி, பருப்பு லேசில் வேகாது. உயரத்தில் பசியும் போய்விடும். அப்போது நாக்குக்குத் தெரிந்த சுவைதான் உள்ளே இறங்கும். பருப்புப்பொடி, நெய், எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் எடுத்துப் போங்கள். சட்டைப்பையில் கடலை மிட்டாயும், பக்கத்திலேயே விளையும் பண்ருட்டி முந்திரியும். நூறு கிராம் முந்திரியில் 550 கலோரி இருக்கிறது. வெளிநாட்டு எனர்ஜி பார் எதற்கு? நெத்திலிக் கருவாடு வேண்டாம். ஒருவன் கொண்டுவந்தான். சங்க்ரி நாய்கள் நடக்கிறவர்கள் கூடவே முகாம் வரைக்கும் வரும். அந்த இரவு முழுக்க எங்கள் டென்ட்டைச் சுற்றித்தான் அவற்றின் கச்சேரி.

விசில் ஒன்று பட்டையில் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் சாட்டிலைட் கருவி கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும்.

கடைசியாக அம்மா. பயப்படாதே என்று சொல்லிப் பயன் இல்லை. ஒரு தாளைக் கொடுங்கள். அதில் ஐந்து பேரின் பெயர், ரத்த வகை, வீட்டு எண்கள், அழைத்துப் போகும் கைடின் எண், எந்த நாள் எந்த முகாம், எந்த நாள் சங்க்ரிக்குத் திரும்புகிறோம் என்று எழுதுங்கள். சங்க்ரிக்கு மேலே சிக்னலை நம்ப முடியாது, மூன்று நான்கு நாள் போன் வராது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் ஒருமுறை ‘செவ்வாய்க்கிழமை பேசுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், பனியில் வழி அடைத்து, புதன் மதியம்தான் பேசினேன். அதற்குள் அம்மா தெருவில் எல்லாரையும் கூட்டி, பாரிசில் தூங்கிக்கொண்டிருந்த சொல்தா மாமாவையும் எழுப்பி, அவர் தன் பழைய படை நண்பர்களிடம் இமயமலைக்கு ஹெலிகாப்டர் கேட்கும் வரைக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் திரும்பும் தேதியை எப்போதும் ஒரு நாள் தள்ளியே சொல்கிறேன்.